லாமினினுக்கு ஒரு மெமோ

தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இரண்டு தளங்கள். மேலே மேல்தோல் துறை, கீழே அடித்தோல் துறை. "மனுஷ உடம்பு மாதிரியே கட்டியிருக்கோம், பாத்தீங்களா?" என்று வரவேற்பு மேசையில் இருந்தவர் பெருமைப்பட்டார். பெருமைப்பட எனக்கு நேரமில்லை. பஞ்சு வைத்துத் தைத்த துணியில் என் மகளை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவதென்றாலும் யோசித்துத்தான் மாற்ற வேண்டும்.

வாண்டு என்று கூப்பிடுவோம். வயது ஐந்து, வாய்க்கு மட்டும் ஐம்பது. பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் தோல் நிற்பதில்லை. சட்டைத் தையல் உரசினால் கொப்புளம். கதவில் இடித்துக்கொண்டால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்துவிடும். அதனால் சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பித்தான் போட்டுவிடுவேன். பெற்றவள் நான், ஒருநாள்கூட அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டதில்லை. இதைவிடக் கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

அவள் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி தண்ணீரில் இருப்பார். நான் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்துவது தொழில். எனக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த நிறுவனத்துக்குள் நுழைந்தபோது இருந்தது. அங்கேதான் தொலைத்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. "புதுசா சிகிச்சை வந்திருக்கு. ஆனா தோலைப் பிடிச்சு வைக்கற புரதத்துல எது கோளாறுன்னு தெரியணும். ஆள் மாத்தி மருந்து போட முடியாதில்லையா? அந்தப் பரிசோதனைக்கு வேண்டிய சாயமும் மைக்ராஸ்கோப்பும் எதிர்த்த கட்டடத்துலதான் இருக்கு" என்றார்கள். தெருவைக் கடந்தால் எதிர்த்த கட்டடம். அந்தத் தெருவைக் கடந்ததுதான் நான் செய்த பாவம்.

வாண்டுவின் தொடையிலிருந்து மிளகளவு தோலை எடுத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு மிளகளவு என்றால் மிளகளவு. இவளுக்கு அது புண்ணாகி, புண் பெரிதாகி, ஆறவே இல்லை. அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே முடிவுக்குக் காத்திருந்தோம். கடைசியில் இயக்குநரே கூப்பிட்டனுப்பினார்.

இயக்குநரின் அறை மொட்டை மாடியில் இருந்தது. எந்தத் துறையின் தளத்தில் உட்கார்ந்தாலும் பாரபட்சம் என்று புகார் வருமாம். லிப்ட் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று இன்னும் தீர்ப்பு வராததால் அது ஓடுவதில்லை. ஏறிப் போனேன். அவர் தலைக்கு மேல் 'ஒட்டுதலே எங்கள் உயிர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஒரே நேரத்தை நம்ப இரண்டு துறைகளும் சம்மதிக்காததால் சுவரில் இரண்டு கடிகாரங்கள்.

"வாழ்த்துக்கள்மா!" என்று எழுந்து நின்றார். "ரெண்டு துறையும் ஒரே முடிவுக்கு வந்தது இந்த நிறுவனத்தோட சரித்திரத்துலயே இதான் முதல் தடவை. மேல்தோல்ல ஒரு குறையும் இல்ல. அடித்தோல்லயும் ஒரு குறையும் இல்ல. உங்க பொண்ணு மேலயும் நல்லா இருக்கா, கீழயும் நல்லா இருக்கா."

"அப்ப ஏன் சார் உரியுது?"

"அது ரெண்டுக்கும் நடுவுல நடக்கற விஷயம். எங்க அமைப்புல நடுன்னு ஒண்ணு கிடையாதும்மா."

வாண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு உரிஞ்சா யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மணியை அழுத்தினார். வெளியே போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

இறங்கி வரும் வழியில், மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில், ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஏறும்போது அவரைக் காவலாளி என்று நினைத்துவிட்டேன்.

"ரெண்டும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்வாங்க. உக்காருங்க."

அவர் டாக்டர். நிறுவனத்தில் எல்லோரும் அவரைப் படிக்கட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்துப் பட்டம் வாங்கியது, லாமினின் என்ற புரதத்தில். அதற்கு இரு தளத்திலும் இடமில்லை. ஆகவே அவருக்கும் இல்லை.

"மேல்தோல், அடித்தோல் ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு விரிப்பு இருக்கும்மா. அடித்தளச் சவ்வுன்னு பேரு. அதுலதான் இந்த லாமினின் இருக்கு. மூணு இழை சேந்து பின்னின புரதம். ஒரு பக்கம் மேல் செல்லோட கொக்கியப் பிடிச்சுக்கும். இன்னொரு பக்கம் கீழருந்து வர கொலாஜன் கயிறப் பிடிச்சுக்கும். ரெண்டு பிடியையும் விடாத வரைக்கும்தான் நம்ம தோல் நம்ம மேல இருக்கும்."

"என் பொண்ணுக்கு அது இருக்கான்னு பாத்தாங்களா?"

"எங்க பாக்கறது? இங்க எந்தத் துண்டு வந்தாலும் முதல் வேலை பங்கு பிரிக்கறது. உப்புத் தண்ணில ஊறப்போட்டா சரியா அந்த நடு விரிப்புல பிரிஞ்சு வந்துடும். மேல் பாதி மேல போகும், கீழ் பாதி கீழ போகும். ஓரத்துல அந்த நடு விரிப்பு ஏதாவது ஒட்டிட்டிருந்தா, பக்கத்து வீட்டுக் குப்பைன்னு துடைச்சுட்டுத்தான் பாப்பாங்க."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமானது. விளங்கியதும் காது சூடாகிவிட்டது. என் பிள்ளைக்கு இருக்கிற நோயே மேலும் கீழும் பிரிவது. அதைக் கண்டுபிடிக்கும் முன்னால் இந்தப் புண்ணியவான்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். பிரித்த பிறகு, இரண்டு பாதியும் தனித்தனியே நலம் என்று முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். வண்டியை இரண்டாக அறுத்துவிட்டு, முன்பாதியில் கோளாறு இல்லை, பின்பாதியில் கோளாறு இல்லை, ஓட்டிக்கொண்டு போங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

"அப்ப நீங்க பாருங்க டாக்டர்."

"எனக்கு முழுத் துண்டு வரணும். மைக்ராஸ்கோப் மேல பூட்டியிருக்கு, சாயம் கீழ பூட்டியிருக்கு. ரெண்டு தலைவரும் சேந்து சம்மதிக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அழுகையே தேவலை.

மறுபடி ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். நான் போட்ட சத்தத்தில் இயக்குநருக்குப் பொறுப்பு வந்துவிட்டது. 'இந்தப் பிரச்சினைக்கு யார் காரணம்' என்று விசாரிக்கக் கமிட்டி போட்டார். காரணம் லாமினின் என்று கமிட்டி முதல் கூட்டத்திலேயே கண்டுபிடித்தது. ஒரே சமயத்தில் இரண்டு துறைகளிடமும் கைகோத்தது இரட்டைப் பதவி வகித்த குற்றமாம். விளக்கம் கேட்டு லாமினினுக்கு மெமோ போனது. அதன் முகவரி யாருக்கும் தெரியாததால் படிக்கட்டு டாக்டரின் மேசையில் ஒட்டினார்கள். பசை போதாமல் அது கீழே விழுந்துகொண்டே இருந்தது.

விசாரணைக்கு நானும் வாண்டுவும் போனோம். மேல்தோல் தலைவர் இடப்பக்கம், அடித்தோல் தலைவர் வலப்பக்கம். நேருக்கு நேர் பேசினால் உறவு ஏற்பட்டுவிடும் என்பதால் இருவரும் இயக்குநரைப் பார்த்தே பேசினார்கள். பணியாளர் வாசலில் நின்று, "லாமினின்! லாமினின்! லாமினின்!" என்று கூவினார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

"ஆஜராகல," என்று இயக்குநர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், அது என் பொண்ணு உடம்புக்கே வந்துச்சான்னு தெரியாமத்தான் நான் உங்க வாசல்ல நிக்கறேன். நீங்க கூப்பிட்டா வந்துடுமா?" என்றேன்.

"பார்வையாளர் பேசக்கூடாது."

மேல்தோல் தலைவர் எழுந்தார். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. "ஐயா, அது பொறந்தது எங்க செல்லுல. சோறு போட்டு வளத்தது நாங்க. வெளிய வந்ததும் என்ன பண்ணுச்சு? நேராப் போய்க் கீழ்த்துறைக் கயிறப் பிடிச்சுக்கிச்சு. நன்றி கெட்ட புரதம். அதுக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது."

அடித்தோல் தலைவர் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டினார். "பிடிச்சா முழுசாப் பிடிக்கணும் ஐயா. ஒரு கை எங்ககிட்ட, இன்னொரு கை அவங்ககிட்ட. எங்க விஷயமெல்லாம் மேல போகாதுங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? எங்க தளத்துல ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கு. இங்க யாரும் யாரையும் பிடிச்சுக்கறதில்ல."

இயக்குநர் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்தார். "முப்பது வருஷமா இந்த நிறுவனம் ஒட்டுதல ஆராயுது. ஆராய்ச்சில பக்கச்சார்பு வந்துடக்கூடாதுன்னு ஒருநாளும் நாங்க ஒட்டினதில்ல. அந்தப் பாரம்பரியத்த ஒரு புரதத்துக்காக விட்டுக்கொடுக்க முடியாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தன் இரு கையும் ஒன்றையொன்று தொடும்போது மட்டும் மேல்தோல் தலைவர் லேசாக முகம் சுளித்தார்.

தீர்ப்பு வந்தது. விசாரணை முடியும்வரை லாமினின் தற்காலிகப் பணிநீக்கம். யாரும் அதைப் பார்க்கக்கூடாது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருப்பதால் படிக்கட்டில் உள்ள மேசையை அகற்ற வேண்டும். அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைக் கனிவாக்கிக்கொண்டார் இயக்குநர். "உங்க பொண்ணு விஷயத்துல ஒரு அநீதி நடந்திருக்கும்மா. போன தடவை பங்கு பிரிச்சப்போ மேல்துறைக்குக் கொஞ்சம் தடிமனாப் போயிடுச்சாம். கீழ்த்துறை புகார் குடுத்திருக்கு. அதனால இன்னொரு துண்டு எடுத்துக் குடுங்க. இந்தத் தடவை சமமாப் பிரிச்சுடலாம்."

வாண்டு தன் தொடைக் கட்டைக் குனிந்து பார்த்தாள். "அம்மா, இவங்களுக்கு ஒண்ணொண்ணா குடுத்துட்டே இருந்தா நான் தீந்து போயிடுவேன்மா" என்றாள்.

அவள் அழவில்லை. சர்க்கரை தீர்ந்துபோகும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். கற்றுக்கொள்கிறவர் லாரியைப் பார்த்துக்கொண்டே லாரி மேல் போவார். அப்போது நான் விளக்கம் கேட்பதில்லை, மெமோ அனுப்புவதில்லை. என் காலடியில் இருப்பதை மிதிப்பேன்.

படிக்கட்டுக்கு வந்தேன். டாக்டர் தன் பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு துண்டு தர்றேன் டாக்டர். உங்ககிட்ட மட்டும். முழுசா. பாப்பீங்களா?"

"வேலை போயிடும்மா."

"மேசையே போயிடுச்சு. வேலை எங்க உக்காந்து பாப்பீங்க?"

அவர் பையைக் கீழே வைத்தார். "ஒப்பிட்டுப் பாக்க நல்ல தோல் ஒண்ணும் வேணும்" என்றார்.

"என் கை இருக்கு."

வாண்டு இதை யோசித்தாள். "உனக்கும் வலிக்குமா?"

"வலிக்கும்டி."

"அப்ப சரி."

எதிர்த்த ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். அவர்களே உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மேலும் கீழும் பிரியாமல், நடுவோடு. வார்டு டாக்டர் பெட்டியை என் கையில் கொடுத்து, "அந்தக் கட்டடத்துல இத முழுசா வச்சிருக்கறதுதான் கஷ்டம்" என்றார். அதற்கு வழி வைத்திருக்கிறேன் என்றேன்.

காரில் ரிவர்ஸ் பழக்குவதற்காக வைத்திருக்கும் ஆரஞ்சுக் கூம்புகளை எடுத்துக்கொண்டேன். வண்டியின் பின்னால் தொங்கும் எல் போர்டையும் கழற்றினேன். மேல்துறையின் காலை டீ முடிந்து, கீழ்த்துறையின் முறை வரும் நேரமாகப் பார்த்து, டாக்டரோடு படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனோம். மேலே ஏறும் படியில் கூம்புகள், கீழே இறங்கும் படியில் கூம்புகள், நடுவில் இன்னும் யாரும் அகற்ற வராத அந்த மேசை. மேசையின் மேல் ஐஸ் பெட்டி, பக்கத்தில் பஞ்சுத் துணி விரித்து வாண்டு. எல் போர்டைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். சிவப்பு எழுத்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கேன்டீன் மேல்தளத்தில் இருக்கிறது. கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. எப்படியோ கட்டிவிட்டார்கள். இரு துறைகளும் ஒன்றுக்கொன்று தேவையே இல்லை என்று அத்தனை வருஷம் சொல்லிவந்தது, இந்தப் படிக்கட்டுத் திருப்பம் ஒன்று இருந்த தைரியத்தில்தான்.

முதலில் காவலாளி வந்தார். "அம்மா, வழிய விடுங்க. இல்லன்னா தூக்கித்தான் வைக்கணும்."

வாண்டு இரு கைகளையும் அவர் பக்கம் நீட்டினாள். "தூக்குங்க மாமா. உங்க கையோட வந்துடும்."

காவலாளி ஒரு படி பின்வாங்கினார். இன்னொரு படியும். பிறகு அவர் வரவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேல்படியில் கூட்டம் சேர்ந்தது. எல்லோருமே டீ குடித்தவர்கள். கீழ்ப்படியிலும் கூட்டம் சேர்ந்தது. யாருமே டீ குடிக்காதவர்கள். மொட்டை மாடியிலிருந்து இயக்குநர், "இது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது!" என்று ஒலிபெருக்கியில் பேசினார். அவரும் காலையில் இரண்டு கோப்பை குடித்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

மேல்தோல் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். "அம்மா, கொஞ்சம் அவசரம்."

"எனக்கும்தான் சார். அஞ்சு வருஷமா."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"மைக்ராஸ்கோப்."

"அதுக்கு ஒரு நடைமுறை இருக்கும்மா..." என்று ஆரம்பித்தவர் முகம் வெளிறி, நடைமுறையைப் பாதியில் விட்டார். நாலு பேர் சேர்ந்து மைக்ராஸ்கோப்பைச் சாமி சிலை மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேசையில் வைத்ததும் நான் ஒரு கூம்பை நகர்த்தினேன். தலைவர் இறங்கிய வேகத்தை என் மாணவர்கள் யாரிடமும் பார்த்ததில்லை.

அடித்தோல் தலைவர் பிடிவாதக்காரர். "நாங்க பசி தாங்குவோம்" என்று அறிவித்துவிட்டு நின்றார். அவர் பின்னால் நின்றவர்கள் அதற்குக் கை தட்டவில்லை. மேல்தளத்திலிருந்து ஏதோ வறுபடுகிற வாசனை இறங்கி வந்தது. அவர் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. கடைசியில் சாயப் பெட்டியின் சாவியைத் தானே கொண்டுவந்து நீட்டினார். நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்து நீட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

டாக்டர் சாயத்தை ஊற்றினார், காத்திருந்தார், கழுவினார், மறுபடி ஊற்றினார். நான் கூம்பு நகர்த்திக்கொண்டிருந்தேன். மேலே இருந்தவர்கள் கீழே போனார்கள், கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். கேன்டீனில் இடம் போதாமல் இரு துறைக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.

டாக்டர் தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தார். பிறகு எனக்கு இடம் விட்டார். "இது உங்களோடது."

இருட்டில் ஒரு பச்சைக் கோடு. மேலும் கீழும் வளைந்து வளைந்து, ஓரிடத்திலும் விடாமல் ஓடியது. என் தோலுக்குள் இத்தனை அழகாக ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இது வாண்டுவோடது."

இருட்டு. அங்கங்கே ஒரு பச்சைப் பொட்டு. அவ்வளவுதான்.

"லாமினின் இல்லம்மா," என்றார் டாக்டர். "கீழ்க் கயிறுக்குத் தனியா சாயம் போட்டுப் பாத்தேன். கயிறு நல்லாத்தான் இருக்கு. பிடிச்சுக்கத்தான் ஆள் இல்ல."

துணிக்குள்ளேயே அழுதேன். பிள்ளைக்கு ஒன்று இல்லை என்று தெரிந்ததற்கு ஒரு தாய் சந்தோஷப்பட்டு அழுவாளா? அழுதேன். அஞ்சு வருஷம், 'சரியா பாத்துக்கலையா', 'எண்ணெய் தேய்க்கலையா', 'என்ன பாவம் பண்ணினீங்களோ' என்று கேட்ட அத்தனை வாய்க்கும் இப்போது பதில் இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

மறுவாரமே நிறுவனத்தில் விழா வைத்துவிட்டார்கள். "இரு துறைகளின் இடையறாத ஒத்துழைப்பால் கிடைத்த வெற்றி" என்று இயக்குநர் பேசினார். லாமினினின் பணிநீக்கத்தைப் பெருந்தன்மையோடு ரத்து செய்தார். நடுத் துறை என்று புதிதாக ஒன்று தொடங்கப்படும், இனி வரும் ஒவ்வொரு துண்டும் மூன்று சம பங்காகப் பிரிக்கப்படும் என்று அவர் அறிவித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. படிக்கட்டு டாக்டருக்குத் தனி அறை கொடுத்தார்கள். "வேணாம் சார், இந்த மேசையே போதும். இங்கருந்தா ரெண்டு பக்கமும் கை எட்டுது. பிரிச்ச துண்டு எதுவும் இந்த மேசைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். துண்டுகளைப் பிரிக்க ஊறப்போட்ட உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அவர் மணிபிளாண்ட் வளர்த்துப் பார்த்தார். அது மட்டும் பிழைக்கவில்லை.

வாண்டுவுக்கு முதலில் வலது கைக்கு மட்டும் மருந்து ஆரம்பித்தார்கள். பிடித்தால் மற்ற இடங்களுக்கு. மாதங்கள் ஆயின. கை ஆறியதா என்று பார்க்க டாக்டர் கூப்பிட்டிருந்தார். எல் போர்டு கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு இறங்கும்போது இயக்குநர் எதிரே வந்தார்.

"அம்மா, நல்ல வேளை வந்தீங்க. வெளியிலருந்து பெரிய மனுஷங்கல்லாம் வராங்க. அந்தப் பலகைய மட்டும் கழட்டிட்டீங்கன்னா... எங்க ஆளுங்க யாருக்கும் அதத் தொட அதிகாரம் இல்ல. அது எந்தத் துறைக்குள்ள வருதுன்னு இன்னும் முடிவாகல."

நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். "நீங்க இன்னும் பாஸ் பண்ணலயே மாமா!"

"கேட்டீங்கல்ல சார்?" என்றேன்.

அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பழக்கத்தில் லேசாகத்தான் பிடித்திருந்தேன். "இறுக்கிப் பிடிம்மா, விழுந்துடப் போறேன்" என்றாள். இறுக்கிப் பிடித்தேன். தெருவைக் கடக்கும்வரை விடவில்லை. எதிர்ப்பக்கம் வந்து பயந்து பயந்து கையைத் திறந்து பார்த்தேன். என் விரல் தடம் அவள் கையில் சிவப்பாக இருந்தது. தோல் அவள் கையிலேயே இருந்தது.